சின்னப் பிள்ளைகளுக்கான பொது அறிவுப் போட்டி: பெரியவர்கள் விடும் தவறுகள்

ஒக்டோபர் வந்தால் திருகோணமலையில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பொது அறிவுப் போட்டி நடக்கும். முதலாம் திகதி சிறுவர் தினம், பிறகு மாதம் முழுக்க வாசிப்பு மாதம். பாடசாலையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, சனசமூக நிலையத்தில் ஒன்று. தரம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்குக் கேள்வி எடுப்பது பெரிய வேலையில்லை. புலமைப்பரிசில் வழிகாட்டிகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. தரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கும்போதுதான் சிக்கல். பெரிய பிள்ளைகளின் கேள்விகளில் கொஞ்சம் இலகுவாகத் தெரிவதைப் பொறுக்கியெடுத்து ஆறு வயதுப் பிள்ளைக்குக் கேட்டுவிடுகிறார்கள்.

மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. “மகாவலி கங்கையின் நீளம் எவ்வளவு?” என்று கேட்டால் 335 கிலோமீற்றர் என்று வீட்டில் பாடமாக்கிய ஒரு பிள்ளை சொல்லும். மற்றப் பிள்ளைகள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் 335 என்பது எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதே ஆற்றை வைத்து, “மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் மகாவலி எந்த ஊர்ப் பக்கம் கடலில் விழுகிறது? மூதூரா, காலியா, யாழ்ப்பாணமா?” என்று கேட்டுப் பாருங்கள். மூதூருக்குப் பஸ்ஸில் போன பிள்ளை பாலங்களையும் தண்ணீரையும் பார்த்திருக்கும். போகாத பிள்ளைகூட யோசித்து ஒரு பதிலுக்கு வரலாம். இந்த வயதுக்கு நான் பார்க்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: பாடமாக்காத பிள்ளையும் தான் கண்டதைக் கேட்டதை வைத்துப் பதிலுக்குக் கிட்டவாவது போக வழி இருக்கிறதா?

இந்த ஊரில் அப்படிக் கேட்கப் பஞ்சமே இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. “கோட்டைக்குள் எந்த மிருகம் திரிகிறது?” என்று கேட்பது தரம் ஒன்றுக்குப் போதும். தரம் மூன்றுக்கு, “கொம்புள்ள மான் ஆணா, பெண்ணா?” என்று கேட்கலாம். புள்ளிமானில் ஆணுக்குத்தான் கொம்பு. அது விழுந்து திரும்பவும் முளைக்கும் என்று அடுத்த வரியில் சொன்னால், தங்கள் பல்லைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை இருக்காது. நிலாவெளிக்கு அப்பால் புறாமலையில் பவளப்பாறை இருக்கிறது. “பவளம் கல்லா, செடியா, உயிர்ப்பிராணியா?” என்ற கேள்விக்கு மண்டபம் மூன்றாகப் பிரிந்து சத்தம் போடும். பிராணி என்ற பதிலைப் பெரியவர்களும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

பல்லைச் சொன்னேன் அல்லவா, அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. “மனிதனுக்கு எத்தனை பற்கள்?” என்று கேட்டு 32 என்ற பதிலுக்குப் புள்ளி போடுகிறார்கள். எதிரே இருக்கும் ஏழு வயதுக்காரருக்கு முன் பல் இரண்டும் இல்லை. பாற்பற்கள் 20, அவை விழ விழ, கடைவாயில் புதியவை வர வர, ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு கணக்கு. நாக்கால் எண்ணிப் பார்த்து 22 என்று சொல்கிற பிள்ளையைப் பிழை என்று உட்காரவைத்தால், கண்டதை நம்பாதே, புத்தகத்தை நம்பு என்று பழக்குகிறோம். எலும்புக் கேள்வியும் இப்படித்தான். 206 என்பது வளர்ந்தவர் கணக்கு. பிறக்கும்போது ஏறக்குறைய 300 இருந்து, வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. “வளர்ந்த ஒருவருக்கு” என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் கேள்வி தப்பித்துவிடும்.

அப்புறம் இணையத்திலிருந்து எடுப்பது. தமிழில் தேடினால் வருவதில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென எழுதியது. அதில் குறை ஒன்றுமில்லை, அங்கே அது சரி. அதை வாசித்துப் பார்க்காமல் அப்படியே பிரதியெடுத்து இங்கே கொண்டுவருவதில்தான் கூத்து. நமது தேசியப் பறவை மயில் என்று விடைத்தாளில் இருக்கும். நமக்கு அது காட்டுக்கோழி. சுதந்திர தினம் ஆகஸ்ட் 15 என்று இருக்கும். நமக்கு பெப்ரவரி 4. ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்று இருக்கும், நமக்குச் சதம். அந்தச் சதத்தையும் இந்தப் பிள்ளைகள் கடையில் கொடுத்து வாங்கியிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். இலங்கையின் தேசிய விளையாட்டு எது என்று கேட்டால் பிள்ளைகள் கிரிக்கெட் என்று கத்துவார்கள், பெரியவர்களும் கூடவே கத்துவார்கள். 1991 முதல் அது கரப்பந்தாட்டம். இது நல்ல கேள்வி. ஆனால் மூன்று தெரிவு கொடுத்து, விடையைச் சொல்லும்போது ஒரு பந்தையும் தூக்கிக் காட்டினால்தான் மனதில் நிற்கும்.

இரண்டு சரியான பதில் உள்ள கேள்விகள் இன்னொரு வகை. இவைதான் சண்டையைக் கிளப்புபவை. “நண்டுக்கு எத்தனை கால்?” என்று மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். கவ்வும் கால் இரண்டையும் சேர்த்தால் பத்து, நடக்கும் கால் மட்டும் என்றால் எட்டு. எட்டு என்று சொல்கிற பிள்ளை உங்களைவிட அதிகம் நண்டு பார்த்திருக்கும். “இலங்கையின் தலைநகரம் எது?” என்பதும் இப்படி மாட்டிவிடும்: சட்டப்படி ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, ஆனால் கொழும்பு என்று சொல்லாத பெரியவரை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். “வர்த்தகத் தலைநகரம்” என்று தெளிவாகக் கேட்டால் பிரச்சினையில்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்த உதாரணம் சூரியன். “நமது ஊரில் சூரியன் கடலில் எழுமா, கடலில் மறையுமா?” என்பது பார்த்தால் அருமையான கேள்வி. கிழக்குக் கரை, ஆகவே எழும் என்பதுதான் எழுதிவைத்த விடை. ஆனால் திருமலை நகரம் ஒரு நாக்குப்போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உள்துறைமுகம். துறைமுகப் பக்கம் வீடுள்ள பிள்ளை தண்ணீருக்கு மேல்தான் சூரியன் இறங்குவதைத் தினமும் பார்க்கும். அந்தப் பிள்ளை “இரண்டும்” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? புள்ளியைக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் அதை விளக்கச் சொல்லுங்கள். எழுதிவைத்த விடைதான் வேதம் என்று நடுவர் பிடிவாதம் பிடித்தால் அந்தப் பிள்ளை அடுத்த கேள்விக்குக் கை தூக்காது.

“மிகப் பெரிய”, “முதலாவது”, “ஒரேயொரு” என்ற சொற்கள் வரும் கேள்விகளை இரண்டு தரம் பார்க்க வேண்டும். ஊர்ப்பெருமை கலந்தால் மூன்று தரம். உலகின் இயற்கைத் துறைமுகங்களில் திருகோணமலைக்கு எத்தனையாவது இடம் என்ற கேள்வி இங்கே தவறாமல் வரும். ஒரு புத்தகத்தில் இரண்டாவது என்று இருக்கும், இன்னொன்றில் ஐந்தாவது. ஆழத்தை வைத்தா, பரப்பை வைத்தா என்று யாரும் சொல்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த எண் எதற்கு? “பெரிய அலை அடிக்கும் நாளிலும் உள்துறைமுகத்தில் கப்பல் ஆடாமல் நிற்பது ஏன்?” என்று கேளுங்கள். சுற்றிவர நிலம் அணைத்திருக்கிறது என்று பிள்ளையே கையை வளைத்துக் காட்டும். கிண்ணியாப் பாலமும் அப்படித்தான். 2009இல் திறந்தபோது 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள். “திறந்தபோது” என்பதை விட்டுவிட்டு இன்றைக்கும் அதையே கேட்பது ஆபத்து. பாலங்கள் கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வானத்துக் கேள்விகள் இதைவிடக் கெதியாகப் பழசாகிவிடும். ஒன்பது கோள்கள் என்று அடித்துச் சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். புளூட்டோவை 2006இலேயே குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள், எட்டுத்தான். கூடுதல் நிலவுகள் உள்ள கோள் எது என்ற கேள்விக்கு 2023 தொடக்கத்தில் வியாழன் சரி. அதே ஆண்டின் நடுவில் சனி முந்திவிட்டது. 2025 மார்ச்சில் சனியின் கணக்கு 274க்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டியில் 62 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எண்ணைக் கேட்காமல் “வளையம் போட்ட கோள்களில் பெயர் போனது எது?” என்று படத்தைக் காட்டிக் கேட்டால் பத்து வருடம் கழித்தும் அந்தக் கேள்வி உதவும்.

பழசாகாமல் எப்போதும் பிழையாகவே இருக்கும் சிலவும் உண்டு. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பார்கள், தெரியாது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பார்கள், தெரியும். ஒட்டகத் திமிலில் தண்ணீர் என்பார்கள், அதில் இருப்பது கொழுப்பு. உலகின் பெரிய மீன் திமிங்கிலம் என்பது நமது பக்கத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ஏனென்றால் நீலத் திமிங்கிலம் திருமலைக் கடலுக்கே வந்து போகிறது. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும், காற்றுக்காக மேலே வரும். மீன்களில் பெரியது திமிங்கிலச் சுறா. “நீலத் திமிங்கிலம் ஏன் அடிக்கடி கடலின் மேலே வருகிறது?” என்று கேட்டால் பிழையும் திருந்தும், பிள்ளைக்கும் யோசிக்க ஏதாவது கிடைக்கும்.

கதையையும் நிகழ்வையும் ஒன்றாகக் குழைப்பதும் இங்கே அதிகம். கோணேசர் கோயில் பாறையில் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டை யார் வெட்டியது, கன்னியாவில் வெந்நீர் எப்படி வந்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்கலாம், கேட்கவும் வேண்டும்; இந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கதைகள் தெரியாமல் போகக்கூடாது. “கதைப்படி” என்று தொடங்கினால் போதும். கன்னியாவில் ஏழு கிணறுகள், தாயாரின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்தினான் என்பது கதை. நிலத்தடி வெப்பத்தில் சூடேறி வரும் தண்ணீர் என்பது அடுத்த கேள்விக்கான விடை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொள்கிறார்கள். குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

கோயில் கேள்வி மட்டும் பத்துக் கேட்டுவிட்டு ஊர் அறிவு என்று பெயர் வைக்காதீர்கள். நகரத்துப் போட்டிக்குக் கிண்ணியாப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் வரும், சிங்களப் பிள்ளைகளும் வருவார்கள். பிறை பார்த்துக் கொண்டாடும் பெருநாள், வெசாக் கூடு, கிறிஸ்மஸ் தொழுவம், தைப்பொங்கல் பானை எல்லாம் ஒரே சுற்றில் வரலாம். அப்பாவின் தொழில், வீட்டில் எத்தனை பேர் போன்ற கேள்விகளைப் பழக்க வினாவாகக்கூடப் போடவேண்டாம். சுனாமியும் யுத்தமும் இந்த வயதுப் போட்டிக்கு உரியவை அல்ல. பிள்ளைக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் பின்வரிசையில் அம்மம்மா இருக்கிறார்.

சரி, கேள்விகள் நன்றாக அமைந்துவிட்டன என்று வைப்போம். நடத்துவதில் கெடுப்பவர்கள் அதைவிட அதிகம். மணி அடிக்கிற முறை, முதலில் கை தூக்குகிறவருக்குக் கேள்வி என்ற முறை, இரண்டும் தரம் ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர்களில் துடியாட்டமான இரண்டு மூன்று பேர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் கேள்வி முடியும் முன்பே கை தூக்கிவிட்டு, கேட்டால் “மறந்துபோச்சு” என்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று அட்டை கொடுத்து, மூன்று தெரிவுக்கும் ஒவ்வொரு நிறம் வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லலாம். நான்காவது தெரிவு வேண்டாம். “மேற்கூறிய எதுவுமில்லை” என்பது வேண்டவே வேண்டாம். “பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது?” என்ற பாணியும் இவர்களுக்குச் சுற்றல். “இதில் எது பறவை இல்லை?” என்று பேசுகிற மாதிரிக் கேளுங்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் வயது, ஆகவே திரையில் போட்டாலும் வாய்விட்டு இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

கேட்டபின் பொறுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுக்கிறார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் ஆக்கியபோது கூடுதல் பிள்ளைகள், நீளமாகப் பதில் சொன்னார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மூன்று செக்கன் சும்மா நிற்பது நமக்குப் பெரிய தண்டனை. அந்த இடைவெளியைத்தான் “சொல்லுங்கோ சொல்லுங்கோ, கெதியா” என்று நிரப்பிவிடுகிறோம்.

பிழைவிட்ட பிள்ளையை வெளியே அனுப்பும் சுற்று முறை அந்தப் பிள்ளையைக் கதிரைக்கு அடியில் விளையாட அனுப்பும் முறை, அவ்வளவுதான். எல்லோரும் கடைசிவரை இருக்கட்டும். பின்வரிசையிலிருந்து வாயசைத்து விடை சொல்லும் அம்மாக்களை என்ன செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெற்றாருக்கும் இரண்டு கேள்வி உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது. உடனே எல்லோரும் தங்கள் கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பரிசில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலிடத்துக்குப் பெரிய கிண்ணமும் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதும் இந்த வயதுக்கு ஒவ்வாது. எல்லோருக்கும் ஒரு பென்சில், ஒரு ரொபி. பன்னிரண்டு கேள்விக்கு மேல் போகாதீர்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். நீங்கள் முடித்த பிறகும் ஒரு பிள்ளை வந்து, “மானுக்குக் கொம்பு விழும்போது நோகாதா?” என்று கேட்கும். கொம்பு வளர்ந்து முடிந்ததும் அதற்குள் ஓடும் இரத்தம் நின்று காய்ந்துவிடுகிறது, ஆகவே நோகாது என்று சொல்லுங்கள். அடுத்த போட்டிக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.