பரம்பரைப் பெருந்தமனி நோய்: செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சுவலி என்று இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தால், நம் மனம் முதலில் வாய்வு, பதற்றம், தசைப்பிடிப்பு என்றுதான் போகும். ஈசிஜி சரியாக இருந்தால் கவலை இன்னும் குறைந்துவிடும். ஆனால் இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மை ரத்தக்குழாயான பெருந்தமனியின் நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில், இருபது, முப்பது வயதிலேயே அந்தக் குழாயின் சுவர் கிழியலாம். உள்படலம் கிழிந்து ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகும் இந்த டிசெக்ஷன் இதயத்தை ஒட்டிய பகுதியில் நடந்தால், சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். அதனால் வயதை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோடக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு, குடும்ப வரலாற்றைக் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "வீட்டில் யாருக்காவது இதய நோய் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். சித்தப்பா முப்பத்தெட்டு வயதில் திடீரென்று இறந்ததை அந்தக் குடும்பம் மாரடைப்பு என்றோ விதி என்றோ நினைத்துக்கொண்டிருக்கும். அதை இதய நோயாக யாரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா? பிரசவத்தின்போதோ பிரசவம் முடிந்த சில வாரங்களிலோ யாராவது இறந்தார்களா? பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், வால்வு ஆபரேஷன், மூளை ரத்தக்குழாய் வெடிப்பு என்று ஏதாவது உண்டா? கண் லென்ஸ் இடம் விலகியவர், நுரையீரல் சுருங்கி டியூப் போட்டவர் இருக்கிறார்களா? அவசரமில்லாத நேரத்தில் அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் வைத்துக் கேட்டால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கும்.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரியில், ஜப்பானில் நடந்த ஒரு போட்டியின்போது சரிந்து விழுந்து 31 வயதில் இறந்தார். அவருக்கு மார்ஃபான் என்ற, உடம்பின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பரம்பரை நோய் இருந்ததும் பெருந்தமனி கிழிந்ததும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே நோய் இருந்தது, ஆபரேஷன் செய்தார்கள். இந்த நோய்களில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு வருபவை. அதே நேரம், மார்ஃபான் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது புதிய மரபணு மாற்றத்தால் வருகிறது. எனவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற பதிலை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

அடுத்த தவறு, ஒல்லியான நெட்டை உடம்பையும் நீண்ட விரல்களையும் மட்டுமே தேடுவது. அது மார்ஃபானின் தோற்றம். லோய்ஸ்-டீட்ஸ் என்ற இதே வகைப் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கலாம், கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருக்கலாம். ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லாஸ் என்ற மற்றொரு பரம்பரை நோயில் தோல் மெலிந்து உள்ளே ஓடும் ரத்த நாளமெல்லாம் வெளியே தெரியும், லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். பெருந்தமனியைப் பலவீனமாக்கும் ஏசிடிஏ2 என்ற மரபணுவின் மாற்றம் உள்ள பலருக்கோ வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

அவசரப் பிரிவில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. ஒரே கையில் பி.பி. பார்த்து எழுதிவிடுகிறோம். இரண்டு கைகளிலும் பார்க்க வேண்டும். 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதன் பிறகு அதிகம் காட்டும் கையையே வைத்துக் கண்காணிக்க வேண்டும். ஆனால் இரண்டு கையும் சமமாக இருக்கிறது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக டிசெக்ஷன் இல்லை என்று சொல்ல முடியாது. கிழிவு இதயத்தின் ரத்தக்குழாயை அடைத்தால் ஈசிஜி மாரடைப்பைப் போலவே காட்டும். அப்போது ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி உயிருக்கே ஆபத்தாகும். வலி திடீரென்று உச்சத்தில் தொடங்கியதா, முதுகுக்குப் போகிறதா, இடம் மாறுகிறதா என்று கேட்டு, நோயாளி சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஊசி போடும் முன் "டிசெக்ஷன் இல்லைன்னு பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

டிசெக்ஷன் என்று உறுதியானதும் பி.பி.யை மட்டும் வேகமாகக் குறைக்கப் பார்ப்பதும் தவறு. முதலில் எஸ்மொலால், லபெட்டலால் போன்ற மருந்தால் துடிப்பை அடக்க வேண்டும். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தை அதற்கு முன்பே கொடுத்தால் இதயம் வேகமெடுத்து, ஒவ்வொரு துடிப்பும் கிழிவை இன்னும் நீட்டும். வழக்கமான இலக்கு நாடி 60-க்குக் கீழ், மேல் பி.பி. 100 முதல் 120 வரை. சிறுநீரும் நினைவும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். வலி மருந்தைத் தாமதப்படுத்தாதீர்கள், வலியே பி.பி.யை ஏற்றிவிடும். வலி தானாகக் குறைந்தாலும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லாஸ் உள்ளவருக்குத் தமனியில் ஊசி குத்துவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். அவருக்கு வயிற்றுவலி வந்தால் குடல் கிழிந்திருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்துச் சீட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை இவர்களுக்கு வேறு வழி இருந்தால் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. லோசார்ட்டன் என்ற பி.பி. மாத்திரை எடுக்கும் பெண் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருந்தை மாற்ற வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் கிழிவு ஆபத்து கூடும் காலம். அப்போது வரும் திடீர் முதுகுவலியைத் தூக்கமின்மை, பால் கொடுக்கும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் "இனி பயமில்லை" என்று அனுப்பிவைப்பதும் நடக்கிறது. மாற்றியது ஒரு துண்டைத்தான். மீதிப் பெருந்தமனியில் அதே பலவீனம் இருப்பதால் ஸ்கேனும் பி.பி. மருந்தும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். மூச்சை அடக்கி எடை தூக்குவது வேண்டாம், நிதானமான நடை நல்லது.

அப்புறம், டிஸ்சார்ஜ் நாளில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்குப் பரிசோதனை ஏற்பாடு ஆயிற்றா என்று கேளுங்கள். ஒரு முறை எக்கோ சரியாக இருந்தது என்று விட்டுவிட முடியாது, வீக்கம் சில வருடம் கழித்தும் வரலாம். நோயாளியின் மரபணு மாற்றம் எது என்று தெரிந்திருந்தால், அதே மாற்றம் உறவினரிடம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். அது இல்லாதவர்களுக்குத் தொடர் எக்கோ பொதுவாகத் தேவைப்படாது.