கறுப்பு வெள்ளைத் தெருப்படங்கள்: டோன் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் தெருக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சுவரின் காரை துல்லியமாகத் தெரிகிறது, சைக்கிள் கம்பிகளை எண்ணிவிடலாம், ஆனால் நடுவே நிற்கும் மனிதரின் முகத்தில் கண் எது, கன்னம் எது என்று புரிவதில்லை. பெரும்பாலும் இந்த முகங்கள் கேமராவில் ஒழுங்காகவே பதிவாகியிருக்கும். பிறகு கணினியில் டோனை, அதாவது வெளிச்ச இருட்டு அளவுகளை, திருத்தும்போதுதான் தொலைந்திருக்கும்.

முதல் குற்றவாளி கான்ட்ராஸ்ட் ஸ்லைடர். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரை எடுக்கிறீர்கள். வேட்டியின் மடிப்புகள் வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (கேமராவில் பதிவாகும் ஒளியின் அளவை) குறைக்கிறீர்கள். அது சரியான முடிவு. முற்றிலும் வெளுத்த இடத்தில் எந்த விவரமும் மிஞ்சாது. ஆனால் அப்போது முகம் 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையிலான அளவில் 60-ஐ ஒட்டி இறங்கிவிடும். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் நடு அளவுக்கு மேலே உள்ளதை மேலும் ஏற்றும், கீழே உள்ளதை மேலும் இறக்கும். 60 என்பது 30 ஆகிறது. சிறிய கைபேசித் திரையில் 30 என்பது கறுப்புதான்.

ஆகவே கான்ட்ராஸ்டில் தொடங்காதீர்கள். முகத்தை மட்டும் மென்பொருளின் பிரஷ் கொண்டு அரை ஸ்டாப் அளவுக்கு ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும்). பிறகு படத்தில் உண்மையிலேயே கறுப்பாக இருக்கவேண்டிய பொருளைத் தேடுங்கள்: விரித்த குடையின் உட்புறம், ஆட்டோ டயர், விளக்கேற்றாத கடையின் உள்பகுதி. கறுப்பு எல்லையை அதைப் பார்த்து நிர்ணயித்தால் படத்துக்கு வலு தானாகவே வரும், முகமும் பிழைக்கும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமாவின் படங்களில் நடுச்சாம்பல் குறைவாக இருப்பதைக் காட்டி, கடும் கான்ட்ராஸ்டுக்காக வாதிடுபவர்கள் உண்டு. அவர் அந்த முரட்டுத்தன்மையைத் தேர்ந்துகொண்டு படம் எடுத்தவர். முகபாவத்தை நம்பி எடுத்த படத்துக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

இதற்கு நேரெதிரான தவறு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. முகம் இருட்டாக இருக்கிறதே என்று, ஆரஞ்சு நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக மாறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஆரஞ்சு ஸ்லைடரை வலது கோடிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும்தான் அடங்குகிறது என்பதால், மாநிறமும் கறுப்பும் ஒரே நொடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. காசிமேட்டில் வலை இழுப்பவரின் தோல் அவருடைய தோலாகவே தெரியவேண்டும். அதை வெளுப்பாக்க நமக்கு உரிமை இல்லை.

இந்தப் பழக்கத்தில் பழைய பாடம் ஒன்றின் பங்கும் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையில், கறுப்பிலிருந்து வெள்ளை வரை, 0 முதல் 10 வரை 11 படிகள் உண்டு. 5 என்பது நடுச்சாம்பல். வெயில் படும் வெள்ளையர் தோலுக்கு அதில் 6-ஆம் படி சொல்லப்பட்டது. 'தோல் என்றால் 6' என்று அதைச் சுருக்கிப் படித்தவர்கள் எல்லோரையும் அங்கே ஏற்றிவிடுகிறார்கள். நம் ஊர் முகங்களில் பல 4-லும் 5-லும்தான் இயல்பாக இருக்கும். கறுத்த தோலின் அழகு அதன் மேல் விழும் ஒளியில் இருக்கிறது. நெற்றியிலும் மூக்கின் நுனியிலும் வியர்வை மினுங்கும் இடம் 7 வரை போகட்டும், சுற்றியுள்ள தோல் 4-இல் நிற்கட்டும். முகத்துக்கு உருவம் வந்துவிடும். ஒட்டுமொத்தமாக ஏற்றினால் இந்த இடைவெளிதான் முதலில் போகிறது.

வண்ணப் படத்தின் நிறச்செறிவைப் பூஜ்யமாக்கிவிட்டால் கறுப்பு வெள்ளை கிடைத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. மயிலாப்பூர் மாட வீதியில் பச்சைக் கதவுக்கு முன்னால் சிவப்புச் சேலையில் பூ விற்பவரை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலையின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் 200, 40, 40. கதவுக்கு 30, 119, 80. கண்ணின் உணர்திறனை ஒட்டிய வழக்கமான கணக்கில் சிவப்புக்கு ஏறக்குறைய 30 சதவீதம், பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என எடை. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 88-க்கு வந்து நிற்கின்றன. வண்ணத்தில் பளிச்சென்று பிரிந்து நின்ற பெண் கதவோடு கலந்துவிடுகிறார். லைட்ரூம் போன்ற மென்பொருளில் கறுப்பு வெள்ளைக் கலவைப் பகுதிக்குப் போய்ப் பச்சையை இறக்கினால் போதும். சிவப்பைத் தொட்டால் முகமும் சேர்ந்து மாறும் என்பதால் பின்னணி நிறத்தில் கைவைப்பதே பாதுகாப்பானது. இதற்கு வண்ணம் அழியாத கோப்பு தேவை; கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு நல்லது. கேமராவை மோனோகுரோமில் (கறுப்பு வெள்ளை அமைப்பில்) வைத்து ராவில் எடுத்தால் திரையில் சாம்பல் தெரியும், கோப்பில் வண்ணம் முழுதாக இருக்கும். இரு நிறங்கள் ஒன்றாகக் கலப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வானத்தைக் கறுப்பாக்க நீல ஸ்லைடரை அடிவரை இழுப்பவர்கள் கட்டட விளிம்புகளை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். வெள்ளைக் கோடு ஓடும், வானத்தில் புள்ளிகள் பொரியும்; படத்தின் நீலப் பதிவில்தான் (நீல சேனலில்) பொதுவாக இரைச்சல், அதாவது இந்தப் புள்ளிகள், அதிகம். விளிம்புகளை அழுத்தமாகக் காட்டும் கிளாரிட்டியை மிகையாக ஏற்றினால் தலைகளைச் சுற்றி ஒளிவட்டம் விழும். ஷேடோக்களை (இருண்ட பகுதிகளை) முழுதும் வெளிச்சமாக்கிவிட்டால் நிழலும் வெயிலும் ஒரே சாம்பலாகி, நண்பகலில் எடுத்த படம் மேகமூட்டத்தில் எடுத்ததுபோல் ஆகிவிடும். தெருவில் நிழலுக்கு வேலை இருக்கிறது, சிலவற்றை இருட்டாகவே விடலாம்.

அச்சுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. இரவில், விளக்கணைத்த அறையில், முழு வெளிச்சத்தில் எரியும் திரையைப் பார்த்துத் திருத்தாதீர்கள். அச்சு இருட்டாக வரும். திரையின் வெளிச்சத்தை அருகில் வைத்த வெள்ளைத் தாளின் அளவுக்குக் குறைத்துக்கொண்டு, முதலில் ஒரு சிறிய சோதனை அச்சு எடுத்து, அதில் முகத்தைப் பாருங்கள்.