ஓநாய்த் திட்டம் குறித்து வேட்டையாடுவோர் கருத்துரை எழுதும் முறை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓநாய்களை மீண்டும் குடியமர்த்துவது 2020 மக்கள் வாக்கெடுப்பிலேயே சட்டமாகிவிட்டதால், மாநில வனவிலங்கு ஆணையத்துக்கு எழுதும்போது அதை எதிர்த்து வாதாடாமல், 2023 மே மாதம் ஏற்கப்பட்ட திட்டத்தில் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்று சுட்டுங்கள். குறைந்தது 150 ஓநாய்கள் தொடர்ந்து 2 ஆண்டுகள் இருந்தாலோ, எப்போதாவது 200 எட்டினாலோ மாநிலப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கலாம் என்ற விதியை முதலில் படியுங்கள்.

அடுத்து, ஓநாய்கள் எல்க் மான்களை இரையாக்கும் என்பதால், உங்கள் வேட்டைப் பகுதியில் 100 பெண் எல்க் மான்களுக்கு எத்தனை கன்றுகள் என்ற விகிதத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள். வறட்சியும் கடும் பனியும்கூட இதைக் குறைக்கும் என்பதை மறைக்காதீர்கள், அந்த நேர்மைதான் உங்கள் கவலைக்கு வலுச் சேர்க்கும். கன்றுகள் குறைந்தால் காரணத்தை எவ்வாறு கண்டறிவார்கள், வேட்டை உரிமங்களை எந்த அளவில் குறைப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.