வேகாஸில் வாரக்கடைசி போக்கர்: கூட்டாளிகளைத் திரட்டுகிறவருக்கு

நண்பர்கள் சேர்ந்து லாஸ் வேகாஸ் போகலாம் என்று பேச்சு எழுந்தால், முதலில் ஹோட்டல் விலையைப் பார்க்காதீர்கள். கூட்டத்தில் யாருடைய கை இப்போது இறுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே விடுதியில் ஒரே மெஸ் சாம்பாரைத் திட்டியவர்கள்தான். இன்று ஒருவன் சான் ஹோசேயில் கம்பெனிப் பங்குகளோடு வசதியாக இருக்கிறான். இன்னொருவனுக்கு வேலை போய், வேறு வேலை தேடிக்கொள்ள எச்-ஒன்-பி விசா தரும் 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்கான தொகையை இரண்டாமவனை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதை வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். குழுவில் கேட்டால் எல்லாரும் "எவ்வளவுன்னாலும் ஓகே மச்சி" என்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக ஃபோனில் பிடித்துக் கேளுங்கள். வந்த பதில்களில் எது சின்னதோ அதை எடுத்து, நீங்களே யோசித்த தொகை மாதிரி அறிவித்துவிடுங்கள். எங்களுக்கு அது ஆளுக்கு 100 டாலரில் நிற்கிறது. தோற்றவனும் மறுநாள் காலை சிரித்துக்கொண்டே சாப்பிட வருகிறான்.

தேதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் வாரங்களில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி, பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல், நவம்பரில் 2023 முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். இந்த நாட்களில் அறை வாடகை எங்கோ போய்விடும். சீனப் புத்தாண்டுக்கும் ஊர் நிரம்பும். ஜூலை, ஆகஸ்டில் பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், தெருவில் நடக்க முடியாது. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை போக்கரின் பெரிய போட்டித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் நடக்கும். 2022 முதல் அது ஹார்ஸ்ஷூவிலும் பக்கத்து பாரிஸ் ஹோட்டலிலும்தான். முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். நமக்கு வேண்டாம், ஆனால் வேடிக்கை பார்க்கக் காசு கிடையாது. உலகம் டிவியில் பார்க்கிற முகங்கள் காபி கோப்பையோடு பக்கத்தில் நடந்து போகும்.

தங்குவதற்குக் கேசினோ இல்லாத ஹோட்டலே நல்லது. காலையில் பல் தேய்த்துவிட்டு லிஃப்டில் இறங்கினால் ஸ்லாட் மெஷின் கண்ணில் படக் கூடாது. ஏரியா கேசினோ ஹோட்டலை ஒட்டிய வ்டாரா, எம்ஜிஎம் கிராண்டோடு நடைபாதையால் இணைந்த சிக்னேச்சர் இரண்டும் அப்படிப்பட்டவை. சிகரெட் புகையும் இல்லை, சூட் அறைகளில் சின்னச் சமையல் இடமும் உண்டு. ஆனால் இணையத்தில் காட்டுகிற விலையை நம்பிப் பங்கு பிரிக்காதீர்கள். ரிசார்ட் ஃபீ என்கிற கட்டாயக் கட்டணம் 2025 மே முதல் காட்டுகிற விலையிலேயே சேர்ந்து வர வேண்டும், ஆனாலும் வரி தனி, பார்க்கிங்கும் பெரும்பாலும் தனி. மொத்தத்தையும் கூட்டி ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, அறை புக் செய்வதற்கு முன்பே ஸெல் (Zelle) என்கிற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் வாங்கிவிடுங்கள். "வரேன்டா, கண்டிப்பா வரேன்" என்பது வருகை ஆகாது. பணம் வந்தால்தான் வருகை.

இனி ஆட்டம். வேகாஸுக்கே போய்விட்டு அறையில் உட்கார்ந்து நமக்குள் ஆடுவதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டு இரவில் ஒன்று கண்டிப்பாக நமக்குள்தான் ஆட வேண்டும். கணக்கைப் பாருங்கள். கேசினோ மேஜையில் மணிக்கு சுமார் 30 கை ஆடுவார்கள். ஒரு கைக்கு, நடுவில் சேரும் பந்தயப் பணமான 'பாட்'-இலிருந்து கேசினோ 5 டாலர் எடுக்கிறது என்று வைத்தாலும், யார் ஜெயித்தாலும் தோற்றாலும் மணிக்கு 150 டாலர் அந்த மேஜையை விட்டுப் போய்விடுகிறது. அறையில் அந்தக் காசு நமக்குள்ளேயே சுற்றும்.

ஒரு எச்சரிக்கை. விடுதிக் காலத்தில் டீக்கும் பஜ்ஜிக்கும் ஒவ்வொரு பந்தயப் பணத்திலிருந்தும் கொஞ்சம் ஒதுக்குவோம் இல்லையா, அதை இங்கே செய்யாதீர்கள். நெவாடாவில் தனியார் இடத்தில் ஆடும் ஆட்டத்தில், ஆடி ஜெயிப்பதைத் தவிர வேறு வழியில் யாரும் காசு பார்க்கக் கூடாது. சாப்பாட்டுச் செலவைத் தனியாக வசூலியுங்கள். அறையில் ஆடலாமா என்று ஹோட்டலிலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் அறையில் ஒன்பது பேர் உட்காரும் மேஜை இருக்காது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து காரில் வருகிற யாராவது ஆறடி மடக்கு மேஜை ஒன்றைக் கொண்டுவரட்டும். அதன்மேல் கம்பளியை விரித்து, மேலே ஒரு போர்வையை இழுத்துக் கட்டினால் சீட்டு வழுக்காமல் எடுக்க வரும். 500 சிப் உள்ள பெட்டி ஒன்று போதும். சீட்டுக்கட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், முழு பிளாஸ்டிக் சீட்டாக இரண்டு கட்டு வாங்குங்கள். ஏன் என்றால், மிக்சர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆர்ட்டீஷியாவின் பயனியர் தெருவில் வாங்கிய காராபூந்தி, முறுக்கு, மிக்சர் இல்லாமல் எங்கள் ஆட்டம் நடந்ததில்லை. காகிதச் சீட்டில் ஒரு எண்ணெய் விரல் பட்டால் அந்த ஏஸ் இரவு முழுக்கப் பளபளக்கும், எதிரே இருப்பவனுக்கு அது போதும். மிக்சரைத் தட்டில் வைக்காமல் ஆளுக்கொரு காகிதக் கப்பில் போட்டுக் கொடுங்கள். அப்படியே வாயில் கொட்டிக்கொள்வார்கள், விரல் படாது.

ஒன்பது பேருக்கு நான் வைக்கிற கணக்கு இது. ஆளுக்கு 10,000 புள்ளி: 25 சிப் எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1,000 ஏழு. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், 25/50-இல் தொடங்கி 50/100, 75/150, 100/200, 150/300 என்று 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். 150/300 முடிந்ததும் இடைவேளை. அதற்குப் பிறகு 25 சிப்புக்கு வேலையில்லை, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பெரிய சிப்பாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் 200/400, 300/600, 400/800 என்று ஏறினால் நாலு, நாலரை மணி நேரத்தில் முடியும். 900 டாலரில் முதல் ஆளுக்கு 450, இரண்டாவது 270, மூன்றாவது 180. ஆட்டம் தொடங்குமுன்பே மூன்று கவரில் போட்டு எல்லாரும் பார்க்க மேஜையில் வைத்துவிடுங்கள்.

தோற்றவன் மறுபடி காசு கட்டி உள்ளே வரலாமா? நான் கூடாது என்பேன். வசதியுள்ளவன் நாலு தரம் வாங்குவான், இல்லாதவன் ஒரு தரத்தோடு எழுந்து போவான். தொகையை அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்ததே வீணாகிவிடும். முதலில் வெளியேறுகிறவனை டீலராக்கிவிடுங்கள். அவனுக்கும் மேஜையில் இடம் இருக்கும், சீட்டும் மளமளவென்று விழும். அடுத்து வெளியேறுகிறவர்கள் கட்டில் ஓரத்தில் ரம்மி தொடங்கிவிடுவார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எந்தக் கை பெரிது என்று பெரிதாக அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். நம் ஆட்களுக்கு இது மிக அவசியம். மூணு சீட்டில் வரிசை, ஒரே இனச் சீட்டுகளான கலரை அடிக்கும். போக்கரில் கலர்தான் வரிசையை அடிக்கும். மூணு சீட்டில் மூன்றும் ஒரே எண் வந்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. போக்கரில் சாதாரண வரிசைகூட அதை வாங்கிப் போட்டுவிடும். மூன்று ராஜா வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, எதிரே ஐந்திலிருந்து ஒன்பது வரை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து "அது எப்படிடா பெருசு?" என்று ஒருவன் எழுந்து நிற்பது எங்கள் ஆட்டத்தில் வழக்கமான காட்சி.

இரண்டாவது இரவு கேசினோவுக்குப் போங்கள். பெலாஜியோ, ஏரியா, வின், வெனிஷியன் நான்கிலும் நல்ல போக்கர் அறைகள் உண்டு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். நேரே முகப்பு மேஜைக்குப் போய்ப் பெயரையும் ஆட்டத்தையும் சொல்லுங்கள். 1/3 நோ லிமிட் (பிளைண்ட் 1, 3 டாலர், பந்தயத்துக்கு வரம்பில்லை) என்றால் அவர்களுக்குப் புரியும். பட்டியலில் போட்டு, இடம் வந்ததும் கூப்பிடுவார்கள்.

எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார ஆசைப்படுவீர்கள். வேண்டாம், வேறு வேறு மேஜை கேட்டு வாங்குங்கள். நண்பன் என்பதற்காக அவனிடம் மட்டும் பந்தயத்தை ஏற்றாமல் செக் செய்துகொண்டே (பந்தயம் வைக்காமல் விட்டுக்கொண்டே) போனால், அது நமக்குப் பெருந்தன்மை, கேசினோவுக்குக் கூட்டுக் களவாணித்தனம். அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ். கை ஆடிக்கொண்டிருக்கும்போது மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான். "மச்சி, விட்டுட்றா" என்று சொன்னால் போதும், டீலர் கை அந்தரத்தில் நிற்கும், "இங்கிலீஷ் ஒன்லி, ப்ளீஸ்" என்பார். இரண்டாம் தடவை ஃப்ளோர் மேனேஜர் வந்துவிடுவார். நீங்கள் வெறும் பசியைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, எதிரே உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ்காரருக்கு அது தெரியாதல்லவா?

வாய்ப்பேச்சு இன்னொரு இடத்திலும் முக்கியம். 3 டாலரைச் சமன் செய்ய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 25 டாலர் சிப்பைப் பேசாமல் போட்டால், அது வெறும் 'கால்' (call), அதாவது சமன் செய்தது மட்டும்தான், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பந்தயத்தை ஏற்ற வேண்டுமானால் முதலில் "ரேஸ்" என்று சொல்லிவிட்டு அப்புறம் கையை நகர்த்துங்கள். சீட்டின்மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டீலர் தவறி வாரிக்கொண்டு போக இடமுண்டு. ஜெயித்த சிப்பை நடுவில் பைக்குள் போடவோ, பக்கத்து நண்பனுக்குக் கைமாற்றாகத் தள்ளவோ கூடாது. ஒரு பாட் ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர், இலவசமாக வரும் குளிர்பானத்துக்கோ பீருக்கோ கொண்டுவருகிறவருக்கு ஒரு டாலர். எழுந்திருக்கும் நேரத்தை உட்காரும்போதே முடிவு செய்யுங்கள்.

போக்கர் அறைக்குப் போகும் வழியில் ரூலெட் மேஜைகள் கூப்பிடும். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் வைக்கிற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கேசினோவுக்கு. முக்கியக் கேசினோ வீதியான ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யம் உள்ளவையும் வந்துவிட்டன. பிளாக்ஜாக் மேஜையில், பிளாக்ஜாக் விழுந்தால் தரும் பணம் 3-க்கு 2 என்றில்லாமல் 6-க்கு 5 என்று எழுதியிருந்தால் கடந்து போய்விடுங்கள். ரொக்கம் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். கேசினோ ஏடிஎம் கட்டணம் கண்ணீர் வரவழைக்கும், கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும்.

சீட்டு ஆடாத துணைவர்கள் வந்தால் ரெட் ராக் கேன்யன் அரை மணி நேரத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் மே வரை முன்பதிவு வேண்டும், மறக்காதீர்கள். ஹூவர் அணையும் பக்கம்தான்.

ஞாயிறு காலை கார் சாவியை எடுக்குமுன் கணக்கை முடித்துவிடுங்கள். செலவைப் பங்கு பிரிக்கும் ஸ்ப்ளிட்வைஸ் செயலியைத் திறந்து எல்லாரும் ஃபோனை நீட்ட, அங்கேயே அனுப்பி முடிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முதல் கவர் வாங்கியவன் காசு கொடுப்பான், இது எங்கள் சட்டம்.

கலிஃபோர்னியா பக்கம் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் ஐ-15-இல் ஏறிவிட வேண்டும். மதியம் கிளம்பினால் மாநில எல்லையான ப்ரிம்மிலேயே வண்டி நிற்கத் தொடங்கும், நாலரை மணிப் பயணம் ஏழு, எட்டு மணி ஆகும். வழியில் பேக்கரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது, 1913-இல் டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக. அதன் அடியில் நின்று மிச்சமிருக்கும் புளியோதரையைப் பிரிக்கலாம். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கிற கூட்டம் இல்லையென்றால், திங்கட்கிழமை விடுப்பைப் போட்டுவிட்டு ஞாயிறு இரவும் தங்கிவிடுங்கள். அன்றைக்கு வாடகையும் பெரும்பாலும் பாதியாகிவிடும்.