மீன் விடாமலே தொட்டியைச் சைக்கிள் செய்வது எப்படி? சேலத்து உப்புத் தண்ணீருக்கு ஏற்ற செய்முறை

பழைய மீன்கள் செத்துப்போய், கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றிய தொட்டியை மறுபடி இறக்குகிறீர்களா? அப்படியானால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். காய்ந்துபோன ஸ்பாஞ்சிலும் கல்லிலும் பழைய பாக்டீரியா மிஞ்சியிருக்கும் என்று நம்பக் கூடாது. புதுத் தொட்டியைப் போலவே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொட்டி எப்படி வைப்பது, ஏர் பம்ப் எப்படி மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும், நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் வளர்ந்து நிலைப்பதைத்தான் சைக்கிள் என்கிறோம்.

கடைகளில் வழக்கமாக ஒரு யோசனை சொல்வார்கள்: "ரெண்டு மீன் விட்டுப் பாருங்க, அது பிழைச்சா மத்ததை விடலாம்." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்த இரண்டு மீனும் வாரக்கணக்கில் தன் கழிவிலேயே மூச்சுத் திணற வேண்டும். அதிலும் நம் ஊர் போர் தண்ணீரில் இது இன்னும் மோசம். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதே தண்ணீர் மீன் இல்லாமல் சைக்கிள் செய்வதற்கு மிக அருமையானது. காரணம் கீழே.

வேண்டியவை

ஃபில்டர்: என் ஓட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குத்தான். விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை, பாக்டீரியா குடியிருக்க நிறைய இடம். டாப் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சை வாராவாரம் தூக்கிப் போட்டால் பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

டெஸ்ட் கிட்: சொட்டுச் சொட்டாக விடும் திரவ கிட் மட்டும் வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை அளவு) நான்கும் வேண்டும். ஸ்ட்ரிப் பாக்கெட்டுகள் பலவற்றில் நமக்கு முதலில் தேவையான அம்மோனியாவே இருக்காது. நான் பயன்படுத்துவது ஏபிஐ கம்பெனி கிட். அதில் நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டுகள் விட்டபின் குழாயை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைவாகத்தான் காட்டும்.

அம்மோனியம் குளோரைடு: மீனுக்குப் பதிலாகத் தொட்டிக்கு அம்மோனியா தரப்போவது இதுதான். கல்லூரி ஆய்வகங்களுக்குச் சாமான் கொடுக்கும் கெமிக்கல் கடையில் கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டை பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டு வாங்குவதும் இதே உப்புதான். ஆனால் தொட்டிக்கு நான் ஆய்வகத் தரம்தான் வாங்குவேன். தரை துடைக்கும் அம்மோனியா திரவம் வேண்டாம், அதில் சோப்பும் வாசனையும் கலந்திருக்கும்.

தண்ணீர்: இங்கேதான் பலருக்கும் நின்றுபோகிறது

சேலத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு. மேட்டூரிலிருந்து வருவது நல்ல தண்ணீர், போரில் வருவது உப்புத் தண்ணீர். "உப்புத் தண்ணியில மீன் செத்துடும்" என்று பயந்து ஆர்.ஓ. கேன் வாங்கி ஊற்றுகிறவர்கள் நிறைய. முதல் வாரம் எல்லாம் சரியாகப் போகும். அப்புறம் அம்மோனியா அப்படியே நிற்கும், இறங்கவே இறங்காது. எங்கள் வீட்டுத் தொட்டியிலும் இதே கதைதான். கே.எச். சோதித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது தண்ணீரில் உள்ள காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) அம்மோனியாவுக்கு ஏறக்குறைய 5.5 பிபிஎம் காரத்தன்மை செலவாகும். ஒரு தடவைக்கு 2 பிபிஎம் போட்டால் 11. கே.எச். கணக்கில் 1 டிகிரி என்பது சுமார் 18 பிபிஎம். ஆர்.ஓ. தண்ணீரில் இருப்பதே ஒன்றிரண்டு டிகிரிதான், சில தடவையிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பி.எச். சரியும். 6.5-க்குக் கீழே வந்தால் பாக்டீரியா மந்தமாகும், 6 பக்கம் வந்தால் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும்.

போர் தண்ணீரில் இந்தக் கவலையே இல்லை. ஊருக்கு வடக்கே மேக்னசைட் வெட்டும் பக்கத்துப் போர்களில் மெக்னீசியமும் சேர்ந்து கடினம் தூக்கலாக இருக்கும். குடிக்க முடியாத அந்தத் தண்ணீர் நைட்ரோஸ்பைராவுக்கு விருந்து. ஆகவே சைக்கிளை உப்புத் தண்ணீரில், அல்லது பாதிக்குப் பாதி கலந்து, ஓட்டுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் வளர்ப்பவர்கள் அதே தண்ணீரைத் தொடரலாம். அவை கடினத் தண்ணீரில்தான் செழிப்பாக இருக்கும். டெட்ரா மாதிரி மென்தண்ணீர் மீன் வேண்டுமென்றால், சைக்கிள் முடிந்து தண்ணீர் மாற்றும்போது கலப்பைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆர்.ஓ. தண்ணீர்தான் இருக்கிறது என்பவர்கள் 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம், ஆப்ப சோடா கரைத்து ஊற்றுங்கள். கே.எச். மூன்று டிகிரிக்கு மேல் ஏறும். பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் பாக்டீரியாவுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் இருக்காது. ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அந்தக் குறையும் தீரும்.

மேட்டூர் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். தண்ணீர் விட்ட அன்று பிளீச்சிங் வாசனை நன்றாகவே தெரியும். அந்தக் குளோரின் மீனைக் கொல்வது மட்டுமில்லை, நாம் வளர்க்கிற பாக்டீரியாவையும் கொல்லும்.

அம்மோனியா அளவு

30 கிராம் அம்மோனியம் குளோரைடை எடுத்து, கரைசல் மொத்தம் 500 மில்லி வரும்படி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வையுங்கள். இதில் 10 லிட்டருக்கு 1 மில்லி விட்டால் 2 பிபிஎம் அம்மோனியா. மருந்துக் கடை சிரிஞ்ச் போதும். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 50 என்று வைத்தால் 5 மில்லி. பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம். 5 பிபிஎம்முக்கு மேல் போனால் வளர்ச்சி தடைப்படும்.

விட்டபின் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாசிதான் வளரும். ஸ்பாஞ்ச் முழுவேகத்தில் ஓடட்டும். நோயில்லாத நண்பர் தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிந்து அந்த அழுக்கை ஊற்றினால் உறை மோர் விட்ட மாதிரி, வாரக்கணக்கு மிச்சம். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம், நோயும் கூடவே வரும். பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து ஊற்றுவதில் பலன் குறைவு. பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை, கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும்.

தண்ணீர் நடுவில் பால் மாதிரி கலங்கினால் மாற்றாதீர்கள், தானே தெளியும்.

நைட்ரைட் கட்டம்

ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா பாருங்கள். 0.5-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி 2 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். இதற்குள் நைட்ரைட் தெரியத் தொடங்கும். அப்புறம் வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம்: கிட்டின் நிறம் ஊதாவில் ஏறி, வாரங்கள் ஆனாலும் அங்கேயே நிற்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று பலர் தொட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது இங்கேதான்.

நிஜத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2 பிபிஎம் அம்மோனியாவிலிருந்து 5 பிபிஎம் அளவுக்கு நைட்ரைட் வரும். பல கிட்டுகளின் உச்சமே 5 தான். நீங்கள் இரண்டாவது தடவை அம்மோனியா விட்டதுமே அளவு கிட்டைத் தாண்டிவிட்டது. 20 இருந்தாலும் 8 இருந்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். வழி எளிது: ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதியுங்கள், வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். இறங்குகிறதா இல்லையா என்பது அப்போது தெரியும். 15-ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அம்மோனியாவை மூன்று நாளைக்கு ஒருமுறை 1 பிபிஎம் என்று குறையுங்கள். இந்தச் சமயத்தில் நைட்ரேட் கிட் சொல்வதை நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது, ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் அதில் சேர்ந்துகொள்ளும்.

முடிந்ததா?

சாயங்காலம் 2 பிபிஎம் விடுங்கள். மறுநாள் அதே நேரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா? இன்னொரு நாளும் அப்படியே வந்தால் முடிந்தது. காலண்டரையோ தண்ணீர் தெளிவையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் முன்னதாகவும் முடியலாம்.

அதன்பின் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டுவந்து, மறுநாள் மீன் விடலாம். மீன் வாங்கத் தாமதமானால் அதுவரை தினம் கொஞ்சம் அம்மோனியா விட்டுக்கொண்டே இருங்கள், பட்டினி போட்டால் பாக்டீரியா குறையும். ஸ்பாஞ்சை இனிமேல் குழாயடியில் கழுவவே கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்.

பின்னர் சேர்த்தது

ஏற்காட்டிலிருந்து ஒருவர், ஆறு வாரமாகியும் நைட்ரைட்டே வரவில்லை என்று எழுதியிருந்தார். தண்ணீர்ச் சூடு கேட்டேன். இரவில் 18 டிகிரிக்கும் கீழே போயிருக்கிறது. 1500 மீட்டர் உயரத்தில் மார்கழி, தைக் குளிரில் இது இயல்பு. ஹீட்டர் போட்டு 27-இல் வைக்கச் சொன்னேன், அதற்குப் பிறகு ஓடத் தொடங்கிவிட்டது. கீழே சேலத்தில் ஹீட்டர் வேண்டாம், சித்திரை வெயிலில் கவலை வேறு. தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் பிடிப்பது குறையும், மூடியைத் திறந்து குமிழியைக் கூட்டுங்கள்.

பலர் கேட்டது கரண்ட் கட் பற்றி. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போனால் மதியம் தாண்டித்தான் வரும். அவ்வளவு நேரம் ஃபில்டர் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஏர் பம்புக்கு ஆகும் மின்சாரம் சில வாட்தான், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், மீன் வந்தபிறகும் அது தேவைப்படும்.

முந்தைய மீன்கள் வெள்ளைப் புள்ளி நோயில் செத்தவை என்றால் சைக்கிளை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அந்த ஒட்டுண்ணிக்கு மீன் கட்டாயம் வேண்டும், 27 டிகிரியில் மீனில்லாத தொட்டியில் சில வாரம் தாக்குப்பிடிக்காது. மீன் டி.பி. மாதிரி நோய்களுக்கு இது பொருந்தாது, அதற்குத் தொட்டியை முழுக்கக் கிருமிநீக்கம் செய்துவிட்டுத்தான் முதல் 5 மில்லியை விட வேண்டும்.