பிளாபில் பகுதி பகுதியாக எழுதுவதைச் சோதிக்கும் முறை

கொழும்பு புதுக்கடையில் உள்ள ஒரு நொத்தாரிசு அலுவலகத்துக்காக, ஸ்கேன் செய்த காணி உறுதிகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கும் சிறு மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தோம். சில கிழமைகள் கழித்து ஓர் உறுதியைத் திறந்து பார்த்தபோது முதற் பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. காணியின் எல்லைகளைக் கூறும் அட்டவணைப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. மென்பொருளின் இயக்கப் பதிவேட்டில் எந்தப் பிழையும் இல்லை, கோப்பின் நீளமும் சரியாகவே இருந்தது. நீளம் சரியாக இருந்தால் உள்ளடக்கமும் சரியாக இருக்கும் என்று எங்கள் சோதனைகள் நம்பியிருந்ததே தவறு. அதன் பிறகு திருத்தி எழுதிய சோதனைகளின் முறையையே இங்கே விளக்குகிறேன்.

எஸ்கியூலைட்டில் ஒரு பிளாபை (ஒரு நெடுவரிசையில் அப்படியே சேமிக்கும் பைட்டுத் தொகுதியை) முழுவதுமாக நினைவகத்துக்கு எடுக்காமல், அதைப் பிடித்துக் கையாள ஒரு ஹேண்டிலைத் திறந்து, வேண்டிய பைட்டிலிருந்து வேண்டிய அளவு எழுதும் வசதி 2007ஆம் ஆண்டு வெளிவந்த 3.4.0 பதிப்பிலிருந்து உள்ளது. பைதானில் 3.11 பதிப்பிலிருந்து இணைப்பின் பிளாப்ஓப்பன் என்ற முறை அதே வேலையைச் செய்கிறது. இவ்வாறு எழுதும்போது பிளாபின் நீளம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஆகவே முதலில் ஜீரோபிளாப் என்னும் செயற்கூற்றைக் கொண்டு தேவையான நீளத்துக்குப் பூச்சியங்களை நிரப்பி வரிசையைச் சேர்த்துவிட்டு, பின்னர் அதன் மேல் எழுத வேண்டும். எங்கள் நீளச் சோதனை ஏன் எப்போதும் வெற்றி பெற்றது என்பது இதிலிருந்தே விளங்கும்: ஒரு பைட்டும் எழுதப்படாவிட்டாலும் நீளம் சரியாகவே இருக்கும்.

சோதனைத் தரவுத்தளத்தை நினைவகத்தில் அல்லாமல் உண்மையான கோப்பிலேயே அமையுங்கள். அதற்கு இரண்டு இணைப்புகளைத் திறந்து, ஒன்றை எழுதுவதற்கும் மற்றதைச் சரிபார்ப்பதற்கும் மட்டும் பயன்படுத்துங்கள். எழுதிய அதே ஹேண்டிலால் படித்துப் பார்ப்பது, கணக்கை எழுதியவரிடமே கணக்காய்வையும் ஒப்படைப்பது போன்றது. சரிபார்க்கும் இணைப்பு சாதாரண செலெக்ட் கட்டளையால் பிளாப் முழுவதையும் எடுக்கட்டும். இதற்கு இணையாக, அதே நீளமுள்ள பைட் வரிசை ஒன்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிளாபில் செய்யும் ஒவ்வொரு எழுதலையும் அதிலும் செய்து, இறுதியில் இரண்டையும் முதற் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை ஒப்பிடுங்கள். எழுதிய பகுதியை மட்டும் ஒப்பிட்டால், அதற்கு அப்பால் தவறுதலாக மாறிய பைட் கண்ணில் படாது.

எழுதும் தரவையும் யோசித்தே தெரிவுசெய்ய வேண்டும். எழுதப்படாத இடத்தில் பூச்சியமே இருக்கும் என்பதால், சோதனைத் தரவில் பூச்சியம் இருக்கவே கூடாது. நான் ஒவ்வொரு பைட்டுக்கும் அதன் இட எண்ணை 251ஆல் வகுத்த மீதியுடன் ஒன்றைக் கூட்டி எழுதுகிறேன். 256ஆல் வகுத்தால், ஒரு துண்டு சரியாக 4096 பைட் தள்ளி எழுதப்பட்டாலும் தரவு ஒரே மாதிரித் தோன்றும்; 251 பகா எண் என்பதால் அந்த ஆபத்து இல்லை.

அடுத்தது பக்க எல்லைகள். எஸ்கியூலைட் தன் கோப்பைச் சம அளவான பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது; இங்கே பக்கம் என்பது அதுவே, உறுதியின் பக்கம் அல்ல. பெரும்பாலானோர் 4095, 4096, 4097 ஆகிய இடங்களில் எழுதிப் பார்த்துவிட்டு எல்லையைச் சோதித்துவிட்டதாக எண்ணுகின்றனர். ஆனால் பிளாப் உண்மையில் அந்த இடங்களில் உடைவதில்லை. இயல்பான பக்க அளவு 4096 பைட். பக்க இறுதியில் ஒதுக்கிய இடம் எதுவும் இல்லையென்றால், 4061 பைட்டுக்கு மேற்பட்ட பதிவின் ஒரு பகுதி, வரிசைகளை வைத்திருக்கும் அட்டவணை மரத்தின் இலைப் பக்கத்தில் தங்கி, மீதி வழிவுப் பக்கங்களுக்குச் செல்லும். ஒவ்வொரு வழிவுப் பக்கமும் அடுத்த பக்கத்தின் எண்ணுக்கு 4 பைட்டை எடுத்துக்கொள்வதால், தரவுக்குக் கிடைப்பது 4092 பைட்டே.

முழு எண் முதன்மைச் சாவி ஒன்றும் பிளாப் ஒன்றும் மட்டுமே கொண்ட அட்டவணையில் 10,000 பைட் பிளாபை எடுத்துக்கொள்வோம். பைட்டின் இடங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறோம். பதிவின் தலைப்பு 5 பைட் என்பதால் பதிவின் மொத்த அளவு 10,005. இலைப் பக்கத்தில் தங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 489. 10,005இலிருந்து 489ஐக் கழித்து 4092ஆல் வகுத்தால் மீதி 1332. அதனுடன் 489ஐக் கூட்டினால் 1821. இது 4061ஐத் தாண்டாததால் இலைப் பக்கத்தில் 1821 பைட் தங்கும். அதில் தலைப்பு போக, பிளாபின் முதல் 1816 பைட் மட்டுமே அங்கு இருக்கும். ஆகவே பிளாப் உடையும் இடங்கள் 1816உம் 5908உம் ஆகும். 1815இல் தொடங்கி 2 பைட், 5900இல் தொடங்கி 16 பைட், 1000இல் தொடங்கி மூன்று பக்கங்களையும் கடக்கும் 6000 பைட் என எழுதுங்கள். அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்ந்தால் இந்த எண்கள் மாறும் என்பதால், எண்களைக் கையால் எழுதி வைக்காமல் கணக்கிடும் சிறு செயற்கூறு ஒன்றைச் சோதனைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

மறுக்கப்பட வேண்டிய எழுதல்கள் மறுக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது சுலபம். அதே பிளாபின் 9,999ஆம் இடத்தில் 2 பைட் எழுத முயன்றால் சி மொழியில் பிழை எண் 1 கிடைக்க வேண்டும். அத்துடன், பொருந்தக்கூடிய அந்த முதற் பைட்டும் எழுதப்பட்டிருக்கக் கூடாது. பைதானில் இது வேல்யூ எரர் ஆக வரும். படிப்பதற்கு மட்டும் திறந்த ஹேண்டிலில் எழுதினால் பிழை எண் 8. சுட்டி (இண்டெக்ஸ்) அமைத்த நெடுவரிசையை எழுதுவதற்குத் திறக்க முடியாது. வரிசை மாறும்போது தானாக இயங்கும் ட்ரிகர்களும், மதிப்பைச் சரிபார்க்கும் செக் நிபந்தனைகளும் இவ்வழியில் எழுதும்போது இயங்குவதில்லை. ஆகவே மாற்றிய நேரத்தைக் குறிக்க ட்ரிகரை நம்பியிருப்பவர்கள் அதற்கென ஒரு சோதனை எழுதிப் பார்த்து ஏமாற்றத்தை முன்கூட்டியே அனுபவித்துக்கொள்ளலாம்.

காணி எல்லைகளைக் கூறிய அந்த உறுதிப் பக்கத்தை விழுங்கியது வேறொன்று. ஹேண்டில் திறந்திருக்கும்போது அதே வரிசையை ஓர் அப்டேட் கட்டளை தொட்டால், அது பிளாப் அல்லாத வேறு நெடுவரிசையை மாற்றினாலும், ஹேண்டில் காலாவதியாகிவிடும். அதன் பின் எழுத முயன்றால் பிழை எண் 4 வரும். பைதானில் ஒப்பரேஷனல் எரர் எழும். எத்தனை வீதம் ஏற்றப்பட்டது என்பதைத் திரையில் காட்டுவதற்காக அதே வரிசையில் ஒரு நெடுவரிசையை வைத்து, இடையிடையே அதை அப்டேட் செய்துகொண்டிருந்தோம். சிறிய உறுதிகள் முதல் அப்டேட்டுக்கு முன்பே எழுதி முடிந்துவிடும். பெரியவை நடுவில் நின்றுவிடும். எழுந்த பிழையை எங்கள் நிரலின் ஒரு மூலை பிடித்துப் பேசாமல் விட்டுவிட்டது. காலாவதிக்கு முன் எழுதிய பைட்டுகளை எஸ்கியூலைட் திரும்பப் பெறுவதில்லை. பரிவர்த்தனை (ஒன்றாகவே நிலைபெறும் அல்லது ஒன்றாகவே கைவிடப்படும் மாற்றங்களின் தொகுதி) முடியும்போது அவை நிலைபெறுகின்றன. பாதி உறுதியும் பாதி பூச்சியமுமாக இருந்த பதிவு அவ்வாறு பிறந்ததுதான்.

இதற்கு மூன்று சோதனைகள் வேண்டும். ஹேண்டிலைத் திறந்து பாதியை எழுதி, அதே வரிசையின் வேறு நெடுவரிசையை அப்டேட் செய்து, மீதியை எழுதும்போது பிழை எழுகிறதா என்று பாருங்கள். பின்னர் அதையே வேறொரு வரிசையை அப்டேட் செய்து திரும்பச் செய்யுங்கள். இம்முறை ஹேண்டில் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றாவது உங்கள் சொந்த நிரலுக்கானது: முதற் சோதனையின் பிழை எழும்போது நிரல் ரோல்பேக் செய்து (பரிவர்த்தனையின் மாற்றங்களைக் கைவிட்டு), பயனருக்கும் அதை அறிவிக்கிறதா என்பது. ஏற்ற வீதத்தை நாங்கள் தனி அட்டவணைக்கு மாற்றிவிட்டோம்.

பரிவர்த்தனையைப் பொறுத்தவரை, தானியங்கிக் கமிட் நிலையில் (மாற்றங்களை நிலைப்படுத்தும் கமிட் தானாகவே நடக்கும் நிலையில்) எழுதுவதற்குத் திறந்த கடைசி ஹேண்டிலை மூடும்போதே கமிட் நடைபெறுகிறது என்பதை மறக்க வேண்டாம். மூடும் அழைப்பும் தோல்வியடையலாம். சி மொழியில் அதன் விடை எண்ணைப் பார்க்காத நிரல் வெற்றி என்று பொய் சொல்லும். பைதானில் பிகின், கமிட் இரண்டையும் வெளிப்படையாக எழுதினால் தோல்வி தவறாமல் பிழையாக எழும். இரண்டாம் இணைப்பில் ஒரு செலெக்டைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மாற்றும் பக்கங்களின் பழைய நிலையைத் தனிக் கோப்பில் வைத்திருக்கும் ரோல்பேக் ஜேர்னல் முறையில் கமிட் செய்து பாருங்கள். காத்திருப்பு நேரம் முடிந்ததும் தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற பிழை, எண் 5, வர வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட ஊரில், நடுவழியில் நின்றுபோகும் எழுதலைச் சோதிக்காமல் விட முடியாது. எழுதும் வேலையைத் தனிச் செயன்முறையாக இயக்கி, கமிட்டுக்கு முன் அதைக் கொன்றுவிட்டு, கோப்பை மீண்டும் திறந்து பழைய உள்ளடக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதே வழக்கம். ஆனால் எஸ்கியூலைட் பக்கங்களைப் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவகம் (கேஷ்) இயல்பாக ஏறக்குறைய 2 மெகாபைட் என்பதால், சிறிய பிளாபில் கமிட்டுக்கு முன் கோப்பில் எதுவுமே எழுதப்பட்டிருக்காது. அச்சோதனை எதையும் நிரூபிக்காமல் வெற்றி பெறும். பிளாபை ஒரு மெகாபைட்டாக்கி, அந்த நினைவகத்தைப் 10 பக்கங்களாகக் குறையுங்கள். செயன்முறையைக் கொன்ற பின் கோப்பின் பக்கத்தில் ஜேர்னல் கோப்பு எஞ்சியிருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே தரவுத்தளத்தைத் திறங்கள். முழுமைச் சோதிப்புக் கட்டளை ஓகே என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள்: அது மரத்தின் கட்டமைப்பைப் பார்க்குமே தவிர, பிளாபின் பைட்டுகள் சரியானவையா என்பதை அறியாது.

செயன்முறையைக் கொல்வது மின்சாரம் போவதற்கு ஈடாகாது, ஏனெனில் இயங்குதளம் தன் கையில் வைத்திருக்கும் தரவை ஆறுதலாக வட்டுக்கு எழுதி முடிக்கும். அதைச் சோதிக்க, பற்றரி கழற்றிய பழைய மடிக்கணினி ஒன்றை ஒதுக்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குகிறோம். ஒவ்வொரு முறையும் எந்தக் கமிட் வரை முடிந்தது என்பதை வலையமைப்பு வழியே வேறொரு கணினி குறித்துக்கொள்கிறது.