பார்முலா பாஸ், டேட்டா ஃபெயில்: சிஆர்எம் விதிகள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் எங்கள் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) மொபைல் எண் வாரியாக ஒரு ரிப்போர்ட் எடுத்தேன். பத்தும் ஒன்பதாக உள்ள ஒரே எண்ணில் நாற்பத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்றார்கள். அதற்குக் கீழே 9876543210 என்ற எண்ணில் இன்னொரு கூட்டம்.

இந்தக் குப்பையைப் போட்டது சேல்ஸ் பையன்கள்தான். ஆனால் போட வைத்தது நான். ஆறு மாதம் முன்பு ஒரு வேலிடேஷன் ரூல் எழுதியிருந்தேன்: மொபைல் எண் காலியாக இருக்கக் கூடாது, பத்து இலக்கம் இருக்க வேண்டும், 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்க வேண்டும். பார்முலாவில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டில் ஆபீஸ் லேண்ட்லைன் மட்டும் இருந்தால் அந்தப் பையன் என்ன செய்வான்? மாலைக்குள் முப்பது லீட் (வாங்கக்கூடியவர் ஒருவரின் முதல் விவரம்) ஏற்றியாக வேண்டும், சேவ் பட்டனோ மறுக்கிறது. ஒன்பதைப் பத்து முறை தட்டினால் வேலை முடிந்தது. முன்பு காலியாக இருந்த ஃபீல்டை (தகவல் நிரப்பும் இடத்தை) பார்த்து "இந்த எண் நம்மிடம் இல்லை" என்றாவது தெரிந்துகொண்டோம். இப்போது இருக்கிறது என்று நம்பி எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு விதியை மாற்றினேன். லீட் நிலையில் மொபைல், லேண்ட்லைன், மெயில் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கொட்டேஷன் அனுப்பும் கட்டத்துக்கு டீல் (பேச்சு நடக்கும் விற்பனை) நகரும்போதுதான் மொபைல் கட்டாயம், ஏனென்றால் அதற்குள் அந்த ஆளோடு எப்படியும் பேசியிருப்பார்கள். ஒரு தகவலை அது கையில் வந்து சேரும் கட்டத்தில் கேட்பதுதான் முறை. விதி எழுதுகிற பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மை வைத்து. ஜோஹோவிலும் மற்றவற்றிலும் பெயர்கள் மாறும், கிடைக்கிற வசதிகளும் கொஞ்சம் மாறும். விழுகிற குழிகள் பெரும்பாலும் இவையேதான்.

உண்மை என்றால் தடை

சேல்ஸ்ஃபோர்ஸில் பார்முலாவை முக்கியமாக இரண்டு இடத்தில் எழுதுவோம். பார்முலா ஃபீல்ட் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும். வேலிடேஷன் ரூல் தப்பான ரெக்கார்டை, அதாவது ஒரு லீட் அல்லது டீலின் பதிவை, சேமிக்க விடாமல் தடுக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டாவதைத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். தள்ளுபடி 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னால், அப்படியே "தள்ளுபடி 20-க்குச் சமம் அல்லது குறைவு" என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் எழுதுவது பிழைக்கான நிபந்தனை. அது உண்மையாகும்போதுதான் ரெக்கார்ட் தடுக்கப்படும். ஒழுங்கான டீல் எல்லாம் வாசலில் நிற்கும், 60 சதவீதத் தள்ளுபடி உள்ளே போய்விடும். எழுதி முடித்ததும் கடைசியில் "என்றால் சேமிக்க விடாதே" என்று சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தப்பு காதிலேயே விழும்.

"அல்ல" வரும்போது இன்னும் மோசம். டீல் ஜெயித்த நிலையிலும் இல்லை, தோற்ற நிலையிலும் இல்லை என்றால் அடுத்த ஃபாலோ-அப் தேதி வேண்டும் என்று ஒரு விதி. பேச்சு வழக்கில் நினைத்துக்கொண்டு "ஜெயித்தது அல்ல, அல்லது, தோற்றது அல்ல" என்று எழுதினால் அது எப்போதும் உண்மை. ஜெயித்த டீல் தோற்ற டீல் அல்லவே! முடிந்துபோன டீலுக்கும் ஃபாலோ-அப் தேதி கேட்டு நிற்கும். அங்கே வர வேண்டியது "மற்றும்".

காலி என்பது பூஜ்யம் இல்லை

என் கணக்கில் அதிகச் சேதம் செய்வது காலி ஃபீல்ட்தான்.

லாப சதவீதம் காட்ட ஒரு பார்முலா ஃபீல்ட் வைக்கிறோம்: விற்பனை விலையிலிருந்து கொள்முதல் விலையைக் கழித்து, விற்பனை விலையால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. இப்போது ஒரு டீலில் கொள்முதல் விலையை யாரும் நிரப்பவில்லை. பார்முலா எழுதும் பக்கத்தின் அடியில், காலி ஃபீல்டைப் பூஜ்யமாக எடுப்பதா, காலியாகவே விடுவதா என்று ஒரு தேர்வு இருக்கும். நாம் தொடாவிட்டால் பூஜ்யம்தான். ஆக, அந்த டீலின் லாபம் 100 சதவீதம். லாப வரிசையில் ரிப்போர்ட் எடுத்தால் யார் வேலையை அரைகுறையாக விட்டாரோ அவர் டீல்தான் முதலிடத்தில் மினுக்கும். மாதக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் கைதட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தேர்வைக் "காலியாகவே விடு" என்று மாற்றினால் விடையும் காலியாக வரும். அது பரவாயில்லை. அதோடு, எந்தத் தகவல் இல்லை என்று சொல்லும் இன்னொரு பார்முலா ஃபீல்டைப் பக்கத்திலேயே வைக்கலாம்: "கொள்முதல் விலை இல்லை", "முடியும் தேதி இல்லை" என்று விட்டதை மட்டும் எழுத்தில் காட்டும். யாரையும் தடுக்காது, ஆனால் ரெக்கார்டைத் திறந்தால் கண்ணில் படும், ரிப்போர்ட்டிலும் வடிகட்டலாம். கட்டாய விதிகளைவிட இந்த ஒரு ஃபீல்ட்தான் எங்களுக்கு நிறைய உதவியது. சரி, விற்பனை விலையே பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யத்தால் வகுக்கப் போய், எண் இருக்க வேண்டிய இடத்தில் எரர் குறி வந்து நிற்கும். வகுத்தல் வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு "பூஜ்யமா" சோதனை வேண்டும்.

காலியா என்று பார்க்க இரண்டு ஃபங்ஷன் உண்டு: இஸ்நல், இஸ்பிளாங்க். பழைய கட்டுரைகளைப் பார்த்து இஸ்நல்லைப் போடாதீர்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் எழுத்து ஃபீல்ட் காலியாக இருந்தாலும் "நல்" (மதிப்பே இல்லாதது) ஆகாது. அதனால் பெயரோ ஊரோ காலியா என்று இஸ்நல்லிடம் கேட்டால் எப்போதும் "இல்லை" என்றே பதில் வரும். விதி இருக்கும், ஒரு ரெக்கார்டையும் பிடிக்காது. இஸ்பிளாங்க்தான் சரி. அதுவும் ஒற்றைப் புள்ளி வைத்துத் தப்பிக்கிறவர்களைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 1, அதிகாலை 4 மணி

தேதிப் பிழைகள் தினமும் தெரியாது. கணக்கு முடிக்கும் நாளில் மொத்தமாகத் தெரியும்.

தேதியும் நேரமும் சேர்ந்த ஃபீல்டை சிஆர்எம் உள்ளே கிரீன்விச் நேரத்தில்தான் வைத்திருக்கும். திரையில் நமக்குக் காட்டும்போது 5 மணி 30 நிமிடம் கூட்டிக் காட்டும். ஆனால் அதிலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் டேட்வேல்யூ ஃபங்ஷன், கிரீன்விச் தேதியைத்தான் எடுக்கும். ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்கு வெப்சைட் ஃபார்மில் வந்த லீட், உருவான தேதியைப் பார்த்தால் ஏப்ரல் 1. பார்முலாவில் மார்ச் 31. போன நிதியாண்டுக்குப் போய்விட்டது! இன்றைய தேதியைத் தரும் ஃபங்ஷனோ பார்ப்பவரின் நேர மண்டலப்படி நடக்கும். இரண்டையும் கழித்து லீட்டின் வயதைக் கணக்கிட்டால், விடியலில் பிறந்த லீட்டுக்குப் பிறந்த அன்றே ஒரு நாள் வயது.

இந்தியாவுக்கு மட்டும் என்றால் தீர்வு எளிது. நேரத்தோடு 5.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்டிவிட்டு, அப்புறம் தேதியைப் பிரிக்கலாம். இங்கே கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் வருடம் முழுக்கச் சரியாக வரும். லண்டனிலோ நியூயார்க்கிலோ கிளை இருந்தால் இந்த வழியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

காலாண்டு இன்னொரு தொல்லை. இணையத்தில் கிடைக்கும் பார்முலா பெரும்பாலும் ஜனவரியை முதல் காலாண்டாக எடுக்கும். நமக்கு ஏப்ரல். மாத எண்ணோடு 8 கூட்டுங்கள், 12-ஆல் வகுத்து மீதியை எடுங்கள், அதை 3-ஆல் வகுத்துப் பின்னத்தை வெட்டிவிட்டு ஒன்று சேருங்கள். ஏப்ரலுக்கு 1 வரும், ஜனவரிக்கு 4 வரும்.

ஜிஎஸ்டி எண்ணில் எவ்வளவு சோதிக்கலாம்

ஜிஎஸ்டி எண் (ஜிஎஸ்டிஐஎன்) 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29), அடுத்த பத்து பான் எண், பதின்மூன்றாவது அந்த மாநிலத்தில் அதே பானில் எத்தனையாவது பதிவு என்பது, பதினான்காவது வழக்கமாக இசட், கடைசி ஒன்று சரிபார்ப்புக் குறி. பானில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. இந்த வடிவத்தை ரீஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சரிபார்க்கும் குறிமுறை) வைத்துச் சோதித்தால் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ போட்டவர்கள் பலர் மாட்டுவார்கள். நல்ல விதிதான். ஆனால் அதைச் சுற்றி மூன்று தவறுகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, காலியும் ரீஜெக்ஸில் தோற்கும். பதிவே செய்யாத சிறு கடைக்காரர் வாடிக்கையாளராக வந்தால் அவருக்கு ஏது எண்? "காலியாக இல்லை என்றால் மட்டும் வடிவத்தைப் பார்" என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கடையின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். இது பத்து ஒன்பதைவிட ஆபத்து, ஏனென்றால் அது உண்மையான எண், பில்லிலும் போய் உட்காரும். வடிவம் சரி என்பதால் எண் அந்தக் கடையுடையது என்றாகிவிடாது. அதை ஜிஎஸ்டி போர்ட்டலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஜிஎஸ்டி எண் வேறு என்றால் கம்பெனியும் வேறு என்று நினைப்பது. ஒரே நிறுவனம் ஒவ்வொரு மாநிலத்திலும் தனிப் பதிவு வைத்திருக்கும். ஒரே ஆள் மூன்று வாடிக்கையாளராகத் தெரிவது இதனால்தான். எண்ணின் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை வெட்டியெடுக்கும் ஒரு பார்முலா ஃபீல்ட் வைத்தால் பான் கிடைக்கும், அதை வைத்துக் குழுவாகச் சேர்க்கலாம். ஆறாவது எழுத்தை மட்டும் எடுத்தால் அது பானின் நான்காவது எழுத்து: சி என்றால் கம்பெனி, பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம். வாடிக்கையாளர் வகையை யாரிடமும் கேட்காமலே நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாவது சின்ன விஷயம். பார்முலாவுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளுங்கள்.

பார்முலா ஃபீல்ட் எதையும் நினைவில் வைக்காது

கமிஷன் கணக்கைப் பார்முலா ஃபீல்டில் 2 சதவீதம் என்று எழுதி வைத்தார் ஒரு நண்பர். அடுத்த வருடம் 3 சதவீதம் என்று முடிவானதும் பார்முலாவில் எண்ணை மாற்றினார். முந்தைய வருடத்து டீல்களுக்கும் கமிஷன் ஏறிவிட்டது. பார்முலா ஃபீல்ட் விடையைச் சேமித்து வைப்பதில்லை, பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்குப் போடும். அது மாறியதற்கு ரெக்கார்டின் "கடைசியாக மாற்றிய தேதி"யில்கூடத் தடயம் இருக்காது. டீல் முடிகிற நாளில் அன்றைய விகிதத்தை ஒரு சாதாரண ஃபீல்டில் ஃப்ளோ (தானாக ஓடும் செயல்முறை) மூலம் எழுதி வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

இதே போல் சத்தமில்லாமல் கெடுப்பது கேஸ் ஃபங்ஷனின் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு விடை தருவது) கடைசி வரி. லீட் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வகைப்படுத்துகிறோம், பட்டியலில் இல்லாததெல்லாம் "மற்றவை". மார்க்கெட்டிங்கில் ஒருவர் பிக்லிஸ்ட்டில் (தேர்வுப் பட்டியலில்) புதிதாக வாட்ஸ்அப்பைச் சேர்க்கிறார், நம்மிடம் சொல்லவில்லை. அத்தனை வாட்ஸ்அப் லீடும் மற்றவையில் கரைந்துவிடும். கடைசி வரியில் "பார்முலாவில் சேர்க்கவில்லை" என்று எழுதுங்கள். அசிங்கமாகத் தெரியும், அதனால் யாராவது வந்து கேட்பார்கள்.

பழைய ரெக்கார்டும் புதிய விதியும்

புதிய விதி பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் போய்ச் சோதிக்காது. யாராவது அடுத்த முறை அதைத் திறந்து சேமிக்கும்போதுதான் பாயும். மூன்று வருடம் முந்தைய வாடிக்கையாளர் ரெக்கார்டில் போன் எண்ணை மட்டும் திருத்த வந்த பெண்ணிடம், பின்கோடு ஆறு இலக்கம் இல்லை என்று மல்லுக்கு நிற்கும். அவர் என்ன செய்வார்? ஆபீஸ் இருக்கும் இடத்தின் பின்கோடைப் போடுவார். "ரெக்கார்ட் புதியது, அல்லது இந்த ஃபீல்ட் மாறியிருக்கிறது" என்றால் மட்டும் சோதி என்று ஆரம்பித்தால் இது நடக்காது. பழையதை எக்செல்லில் எடுத்துத் தனியாகச் சுத்தம் செய்யலாம்.

எக்செல் ஏற்றும்போதும் விதிகள் பாயும், வெப்சைட் ஃபார்மில் வரும் லீடுக்கும் பாயும். அங்கே பிழைச் செய்தியைப் படித்துத் திருத்த ஆள் கிடையாது. லீட் உள்ளே வராது, அவ்வளவுதான். இதற்கு விலக்குக் கொடுக்க அட்மின் பெயரையோ ஐடியையோ பார்முலாவுக்குள் எழுதுவது வழக்கம். அவர் வேலையை விட்டுப் போகிற வரை ஓடும். கஸ்டம் பர்மிஷன் (நாமே உருவாக்கி ஆட்களுக்குக் கொடுக்கும் அனுமதி) ஒன்றை உருவாக்கி, அது இருப்பவருக்கு விலக்கு என்று எழுதுங்கள்.

பிழைச் செய்தியில் "தவறான தகவல்" என்று மட்டும் எழுதுவது யாருக்கும் உதவாது. "ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து வேண்டும். எண் இல்லாத வாடிக்கையாளர் என்றால் காலியாக விடுங்கள்" என்று எழுதி, பக்கத்தின் உச்சியில் இல்லாமல் அந்த ஃபீல்டுக்குக் கீழேயே தெரியும்படி வையுங்கள்.

எதையும் சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான நகலில்) சோதித்துவிட்டுக் கொண்டுவருவது நல்லது, அதுவும் அட்மின் லாகினில் அல்ல, ஒரு சேல்ஸ் ஆளின் லாகினில். காலி, பூஜ்யம், ஏப்ரல் 1, ஜிஎஸ்டி இல்லாத கடை என்று வகைக்கு ஒரு ரெக்கார்ட் போதும். அவசரத்தில் ஒருமுறை நான் நேரடியாக லைவிலேயே சோதித்தேன், சோதித்ததை அழிக்கவும் மறந்தேன். "டெஸ்ட் டீல்" என்ற பெயரில் ஒரு கோடி ரூபாய் எங்கள் ஃபோர்காஸ்டில் (விற்பனைக் கணிப்பில்) ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தது. எல்லா வேலிடேஷன் ரூலையும் அது பாஸ் செய்திருந்தது.